பைத்தானில் நம்பை, சைபை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப் நிறுவுதல்: விண்டோஸுக்கான முழுமையான வழிகாட்டி

நம்பை, சைபை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப் நான்கும் பைத்தான் நிரல்மொழிக்கான நூலகங்கள், அதாவது எண் அணி, அறிவியல் கணக்கு, தரவு அட்டவணை, வரைபடம் ஆகியவற்றுக்குப் பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்கள். நம்பை நிறுவ ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைத் தட்டிவிட்டு அரை நாள் திண்டாடியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்கள் தட்டிய வரியில் பெரும்பாலும் தவறு இருக்காது. கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருக்கும். நூலகம் ஒன்றுக்குள் போயிருக்கும், நிரலை ஓட்டுவது இன்னொன்றாக இருக்கும். இந்த ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிட்டால் மீதி வேலை அரை மணி நேரம்தான். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே அமைந்தது. தயவுசெய்து எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். வகுப்பில் ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, நீங்கள் தட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. இடைவெளி, கோடு, புள்ளி எல்லாம் இங்கே உள்ளபடியே.

உச்சரிப்பை நம்பித் தட்டினால் தப்பாகும் பெயர்கள் சில. நம்பை: என், யூ, எம், பி, ஒய். சைபை: எஸ், சி, ஐ, பி, ஒய். வென்வ்: வி, இ, என், வி. பை என்ற கட்டளை பி, ஒய் என்று இரண்டே எழுத்து. இவற்றில் வரும் பி எல்லாம் பென்சிலின் பி. மேட்பிளாட்லிப் ஒரே சொல், நடுவில் இடைவெளி கிடையாது. அதன் கடைசி எழுத்து மட்டும் கிரிக்கெட் பேட், பாலில் வரும் பி.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

விண்டோஸ் 64 பிட்டா என்று பாருங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் என்ற பக்கத்தில் எழுதியிருக்கும். 32 பிட் பைத்தானுக்கு ஆயத்தத் தொகுப்பு தருவதைப் பல அறிவியல் நூலகங்கள் நிறுத்திவிட்டன. தவிர, விண்டோஸில் ஒரு 32 பிட் நிரலுக்கு இயல்பாகக் கிடைக்கும் நினைவகம் 2 ஜிபிதான். கொஞ்சம் பெரிய தரவுக் கோப்பைத் திறந்தாலே மூச்சு முட்டும்.

வட்டில் 3 ஜிபி காலியாக இருந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம். நான்கு நூலகங்களும் சேர்ந்து அவ்வளவு பெரியவை அல்ல, ஆனால் டவுன்லோட் ஆன கோப்புகளை, நூலகங்களை இறக்கி நிறுவித் தரும் கருவியான பிப் தன் பங்குக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும்.

அட்மின் பாஸ்வேர்ட் தேவையில்லை. உங்கள் பயனர் கணக்குக்கு மட்டும் பைத்தானை நிறுவ முடியும். கல்லூரி லேப்பில் அட்மின் அனுமதிக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

2. ஏற்கெனவே எத்தனை பைத்தான் இருக்கிறது என்று எண்ணுங்கள்

புதிதாக எதையும் இறக்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பள்ளியில் படித்தபோது ஒன்று, ஏதோ ஒரு மென்பொருளோடு சேர்ந்து வந்தது ஒன்று, மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஒன்று எனப் பல கணினிகளில் பைத்தான்கள் குவிந்திருக்கும்.

ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து இதைத் தட்டுங்கள்:

பை --லிஸ்ட்

நிறுவப்பட்ட பதிப்புகள் வரிசையாக வரும். பை என்று ஒரு கட்டளையே இல்லை என்று சொன்னால், வழக்கமான நிறுவி மூலம் பைத்தான் இன்னும் வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அடுத்து:

வேர் பைத்தான்

இங்கே வேர் என்பது எங்கே என்று கேட்கும் ஆங்கிலச் சொல். பைத்தான் என்று தட்டினால் எந்தக் கோப்பு ஓடும் என்பதை இது காட்டும். பல வரிகள் வந்தால் முதல் வரிதான் வெல்லும். இதையே விண்டோஸின் இன்னொரு கட்டளை ஜன்னலான பவர்ஷெல்லில் தட்டினால் எதுவுமே வராது, ஏனென்றால் அங்கே அந்தச் சொல் வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயர். பவர்ஷெல்லில் வேர்.இஎக்ஸ்இ என்று முழுதாகத் தட்ட வேண்டும்.

வந்த வரியில் விண்டோஸ்ஆப்ஸ் என்ற ஃபோல்டர் பெயர் தெரிந்தால், அது பெரும்பாலும் உண்மையான பைத்தான் அல்ல. ஸ்டோரைத் திறந்துவிடும் ஒரு பொம்மைக் கோப்பு. பைத்தான் என்று தட்டியதும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது என்று பலர் சொல்வது இதனால்தான். செட்டிங்ஸில் ஆப்ஸ், அட்வான்ஸ்ட் ஆப் செட்டிங்ஸ், ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியசஸ் என்று போய், அங்கே பைத்தான் பெயரில் ஆப் இன்ஸ்டாலர் வைத்திருக்கும் இரண்டு பொத்தான்களையும் அணைத்துவிடுங்கள்.

பழைய பைத்தான்களை நீக்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. வேறு மென்பொருள் அதை நம்பியிருக்கலாம். எது எது இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும்.

3. எந்தப் பதிப்பு: புதியதற்கு ஒரு படி கீழே

பைத்தான் ஆண்டுக்கு ஒருமுறை, அக்டோபரில், புதிய பதிப்பை வெளியிடுகிறது. 3.13 வந்தது 2024 அக்டோபரில், 3.14 வந்தது 2025 அக்டோபரில். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: ஆகப் புதியதை விட்டு, அதற்கு முந்தையதை எடுங்கள்.

காரணம் இருக்கிறது. நம்பை, சைபை போன்றவற்றின் உள்ளே சி, ஃபோர்ட்ரான் மொழிகளில் எழுதிய பகுதிகள் உண்டு. அவற்றை ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் தனித்தனியாகத் தொகுத்து, அதாவது கணினி நேராக ஓட்டும் வடிவுக்கு மாற்றி, தர வேண்டும். பெரிய நூலகங்கள் புதிய பதிப்புக்குச் சீக்கிரம் தயாராகிவிடுகின்றன. ஒருவர் இருவர் பராமரிக்கும் சிறிய நூலகங்களுக்குப் பல மாதம் ஆகும். உங்கள் புராஜெக்டில் அப்படி ஒன்று நிச்சயம் இருக்கும்.

இந்த வழிகாட்டியில் 3.13 என்றே எழுதுகிறேன்.

4. நிறுவும்போது கீழே உள்ள பெட்டி

பைத்தான்.ஓஆர்ஜி தளத்தின் டவுன்லோட் பகுதிக்குப் போங்கள். வேறு எந்தத் தளத்திலிருந்தும் எடுக்க வேண்டாம். இப்போது அங்கே பைத்தான் இன்ஸ்டால் மேனேஜர் முன்னால் நிற்கும். நமக்குத் தேவையானது 3.13க்கான பக்கத்தில், விண்டோஸ் இன்ஸ்டாலர் 64 பிட் என்று இருக்கும் கோப்பு. பக்கத்திலேயே ஏஆர்எம்64 என்று ஒன்று இருக்கும். அது ஸ்னாப்டிராகன் போன்ற சிப் உள்ள லேப்டாப்களுக்கு. இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் சாதாரண 64 பிட்தான்.

நிறுவியைத் திறந்ததும் வரும் முதல் திரையின் அடியில், பைத்தானைப் பாத்தில் சேர்க்கவா என்று கேட்கும் ஒரு சிறிய பெட்டி இருக்கும். அது டிக் இல்லாமல்தான் வரும். டிக் செய்துவிட்டு இன்ஸ்டால் நவ் அழுத்துங்கள். பாத் என்பது, ஒரு கட்டளையைத் தட்டினால் விண்டோஸ் எந்தெந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்ற பட்டியல். அதில் பைத்தான் இல்லாவிட்டால், நிறுவிய பிறகும் கட்டளையை அடையாளம் தெரியவில்லை என்ற செய்திதான் வரும்.

முடிந்ததும், திறந்து வைத்திருந்த கமாண்ட் பிராம்ப்டை மூடிவிட்டுப் புதிதாகத் திறங்கள். பழைய ஜன்னலுக்குப் பழைய பாத் பட்டியல்தான் தெரியும். இதை விட்டுவிட்டு மூன்று முறை மறுபடி மறுபடி நிறுவியவர்கள் உண்டு.

5. வேலைக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரு தனிச்சூழல்

சி டிரைவின் நேர் கீழே கோட் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். ஆங்கிலத்தில் நான்கு எழுத்து, சி, ஓ, டி, இ. டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ வேண்டாம். இன்றைய விண்டோஸ் பல கணினிகளில் அந்த இரண்டையும் ஒன்டிரைவோடு ஒத்திசைக்கிறது. தனிச்சூழல் என்பது இந்த வேலைக்கு மட்டுமான பைத்தானும் நூலகங்களும் இருக்கும் ஃபோல்டர். அதில் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருக்கும். பிப் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்டிரைவ் அவற்றை மேலே ஏற்றப் பார்த்தால் இரண்டும் மோதும், அனுமதி மறுக்கப்பட்டது என்று எரர் வரும். பாதையின் நீளமும் ஒரு பிரச்சினை. விண்டோஸின் பழைய வரம்பு 260 எழுத்து. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழமாகப் போனால் அந்த வரம்பைத் தொட்டுவிடும்.

பெயரில் இடைவெளி, தமிழ் எழுத்து வேண்டாம். பைத்தானுக்கு அதில் சிக்கல் இல்லை. சில நூலகங்களின் உள்ளே இருக்கும் பழைய சி பகுதிகளுக்குத்தான் சிக்கல்.

அப்புறம்:

சிடி சி:\கோட்
பை -3.13 -எம் வென்வ் என்வ்

முதல் வரி அந்த ஃபோல்டருக்குள் போகச் சொல்கிறது. இரண்டாவது வரியின் பொருள்: 3.13 பைத்தானைக் கொண்டு, என்வ் என்ற பெயரில் ஒரு தனிச்சூழல் உருவாக்கு. என்வ் என்பது இ, என், வி. சிறிது நேரம் ஒன்றும் சொல்லாமல் நிற்கும், பிறகு அடுத்த வரி வரும். அவ்வளவுதான்.

தனிச்சூழல் எதற்கு என்று புதியவர்கள் கேட்பார்கள். ஒரே ஒரு பாடத்துக்காகப் படிக்கிறேன், நேராக நிறுவினால் என்ன? 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது நடந்ததைச் சொன்னால் புரியும். நம்பை 1 வரிசையை வைத்துத் தொகுத்த பல நூலகங்கள் 2.0உடன் ஓட மறுத்தன. ஒரு புராஜெக்டுக்காக நம்பையைப் புதுப்பித்தவர்களுக்கு, அதே கணினியில் இருந்த மற்ற புராஜெக்ட் நின்றுபோனது. புராஜெக்டுக்கு ஒரு சூழல் வைத்திருந்தவர்களுக்கு எதுவும் ஆகவில்லை.

ஒரு எச்சரிக்கை. உருவாக்கிய பிறகு என்வ் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தாதீர்கள், பெயரும் மாற்றாதீர்கள். அதற்குள் உள்ள கோப்புகளில் முழுப் பாதையும் எழுதப்பட்டிருக்கும். பென்டிரைவில் நண்பருக்குக் கொடுத்தாலும் ஓடாது. தேவைப்பட்ட இடத்தில் புதிதாக உருவாக்குவதுதான் முறை.

6. சூழலுக்குள் நுழையுங்கள்

என்வ்\ஸ்கிரிப்ட்ஸ்\ஆக்டிவேட்

வரியின் தொடக்கத்தில், அடைப்புக்குறிக்குள் என்வ் என்று தெரிய ஆரம்பிக்கும். அது தெரிகிறவரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். ஜன்னலை மூடினால் சூழலிலிருந்து வெளியே வந்துவிடுவீர்கள். நாளை மறுபடி திறக்கும்போது சிடி வரியையும் இந்த வரியையும் மீண்டும் தட்ட வேண்டும். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

பவர்ஷெல்லில் இதைத் தட்டினால், இந்தக் கணினியில் ஸ்கிரிப்ட் ஓட அனுமதி இல்லை என்று சிவப்பில் வரலாம். விண்டோஸின் பாதுகாப்பு அமைப்பு அது. கமாண்ட் பிராம்ப்டில் அந்தத் தடை கிடையாது, அதனால்தான் புதியவர்களை அங்கேயே இருக்கச் சொல்கிறேன். பவர்ஷெல்தான் வேண்டுமென்றால் செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி கட்டளையில் ரிமோட்சைன்ட் என்று கொடுங்கள். -ஸ்கோப் கரன்ட்யூசர் என்பதையும் மறக்காமல் சேர்த்தால் உங்கள் கணக்குக்கு மட்டும் அனுமதி மாறும். முழுக் கணினிக்கும் திறந்துவிடாதீர்கள்.

7. பிப் யாருடையது என்று கேளுங்கள்

பைத்தான் -எம் பிப் --வெர்ஷன்

ஒரே வரியில் பிப்பின் பதிப்பு, அது இருக்கும் ஃபோல்டர், அது எந்தப் பைத்தானுக்கு உரியது என்ற மூன்றும் வரும். பாதையில் சி:\கோட்\என்வ் இருக்கிறதா, கடைசியில் 3.13 இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் முன்னே போகலாம். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை மட்டும் மனப்பாடம் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வெறும் பிப் என்று தட்டினாலும் வேலை நடக்குமே என்று தோன்றும். வெறும் பிப் என்றால் பாத்தில் முதலில் கிடைக்கும் பிப் ஓடும். அது எந்தப் பைத்தானுக்கு உரியது என்று உங்களுக்குத் தெரியாது. பைத்தான் -எம் பிப் என்றால், இந்தப் பைத்தானே தன்னுடைய பிப்பை ஓட்டும். நிறுவும் கையும் ஓட்டும் கையும் ஒன்றாகிவிடும்.

அடுத்து பிப்பைப் புதுப்பியுங்கள்:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --அப்கிரேட் பிப்

பழைய பிப்புக்குப் புதிய வகைத் தொகுப்புக் கோப்புகளின் பெயர் புரியாமல் போகும். ஆயத்தத் தொகுப்பு கண்முன் இருந்தும் அதை விட்டுவிட்டு, இன்னும் தொகுக்காத மூல நிரலை எடுக்கப் போய்விடும்.

8. நிறுவும் வரி

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் நம்பை சைபை பாண்டாஸ் மேட்பிளாட்லிப்

நான்கையும் ஒரே வரியில் கொடுங்கள். ஒன்றுக்கொன்று எந்தப் பதிப்பு பொருந்தும் என்று பிப் மொத்தமாகக் கணக்குப் போட்டு எடுக்கும். ஒவ்வொன்றாகக் கொடுத்தால், நான்காவதை நிறுவும்போது முதலாவதை மாற்ற வேண்டி வரலாம்.

எக்செல் கோப்புகளைப் படிக்கப் போகிறீர்கள் என்றால் ஓப்பன்பைஎக்செல் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பாண்டாஸ் அதைத் தானாகக் கொண்டுவராது. அதன் பெயர் ஓப்பன், பை, எக்ஸ், எல் என்று சேர்த்து எழுதப்படும். பை என்பது இங்கும் பி, ஒய்தான்.

ஓடும்போது திரையில் நகரும் பெயர்களைக் கவனியுங்கள். கோப்பின் பெயரில் சிபி313 என்றும் வின்_ஏஎம்டி64 என்றும் இருக்கும், முடிவில் வீல் வகையைக் குறிக்கும் .டபிள்யூஎச்எல் இருக்கும். முதலாவது பைத்தான் 3.13க்கு என்பதையும், இரண்டாவது 64 பிட் விண்டோஸுக்கு என்பதையும் குறிக்கும். ஏஎம்டி என்ற பெயரைப் பார்த்து இன்டெல் கணினி வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். அந்த வகை 64 பிட் கட்டமைப்பை முதலில் கொண்டுவந்தது ஏஎம்டி என்பதால் வந்த பெயர், இரண்டுக்கும் பொருந்தும்.

வீல் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான். முன்பே தொகுத்த பகுதிகள் அதற்குள் இருக்கும், பிப் விரித்து வைக்கும், அவ்வளவே. அணிக்கணக்குகளை வேகமாகச் செய்யும் ஓப்பன்பிளாஸ் நம்பையின் வீலுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அதைத் தனியாகத் தேடி நிறுவச் சொல்லும் பழைய வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள்.

9. சிவப்பு வரிகள் வந்தால்

நீளமாகச் சிவப்பில் வந்தால் பதறிப்போய் மேலிருந்து படிக்க ஆரம்பிக்காதீர்கள். கடைசி நான்கைந்து வரியைப் படியுங்கள். விஷயம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சின்டாக்ஸ்எரர் என்று வந்து, வரியின் தொடக்கத்தில் மூன்று அம்புக்குறி இருந்தால், நீங்கள் பைத்தானுக்குள் நின்றுகொண்டு பிப் கட்டளையைத் தட்டுகிறீர்கள். பிப் கட்டளை கமாண்ட் பிராம்ப்டுக்கு உரியது. எக்ஸிட் என்று தட்டி, வெற்று வளைவு அடைப்புக்குறி இரண்டும் போட்டு வெளியே வாருங்கள்.

மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 தேவை என்று வந்தால், உடனே அந்தப் பெரிய மென்பொருளை இறக்கப் போகாதீர்கள். அந்தச் செய்தியின் உண்மையான பொருள், உங்கள் பைத்தானுக்குப் பொருந்தும் ஆயத்த வீல் கிடைக்கவில்லை, அதனால் மூல நிரலைத் தொகுக்கப் பார்க்கிறேன் என்பது. சைபையைத் தொகுக்க சி++ மட்டும் போதாது, ஃபோர்ட்ரான் மொழியைத் தொகுக்கும் கம்பைலரும் வேண்டி வரலாம். அந்தப் பாதையில் இறங்கினால் ஒரு நாள் போய்விடும். பைத்தான் பதிப்பு மிகப் புதியதா, 32 பிட்டா என்று பாருங்கள், பிப்பைப் புதுப்பித்தீர்களா என்று பாருங்கள். தொகுக்கும் முயற்சியே வேண்டாம் என்று பிப்பிடம் சொல்ல, நிறுவும் வரியில் --ஒன்லி-பைனரி=:ஆல்: என்பதைச் சேர்க்கலாம். வீல் இல்லையென்றால் சுற்றி வளைக்காமல் உடனே இல்லை என்று சொல்லிவிடும்.

ரீட் டைம்ட் அவுட் என்று வந்தால் இணையம் மெதுவாக இருக்கிறது. பிப் இயல்பாக 15 விநாடிதான் பொறுத்திருக்கும். --டைம்அவுட் 120 என்று சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். முழுதாக இறங்கிய கோப்புகளைப் பிப் வைத்திருக்கும், மறுபடி முதலிலிருந்து இறக்காது. கல்லூரி வலைப்பின்னலில் மட்டும் இந்தச் சிக்கல் வந்தால் நிர்வாகியிடம் இரண்டு முகவரிகளைத் திறக்கச் சொல்ல வேண்டும்: பைபிஐ.ஓஆர்ஜி ஒன்று, ஃபைல்ஸ்.பைத்தான்ஹோஸ்டட்.ஓஆர்ஜி மற்றொன்று. பட்டியல் முதலாவதில் இருக்கிறது, கோப்புகள் இரண்டாவதிலிருந்து வருகின்றன. முதலாவதை மட்டும் திறந்துவிட்டு, தளம் திறக்கிறதே என்று சொல்லிவிடுவார்கள்.

அனுமதி மறுக்கப்பட்டது, வின்எரர் 5 என்று வந்தால், நம்பையைப் பயன்படுத்தும் ஏதோ ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை விண்டோஸ் மாற்ற விடாது. உலாவியில் நிரல் ஓட்டும் நோட்புக்கான ஜூபிட்டர், நிரல் எழுதும் எடிட்டர் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஓட்டுங்கள். இப்படிப் பாதியில் நின்ற பிறகு, முன்னால் ஓர் அலைக்குறியோடு, முதல் எழுத்து போன நம்பையின் பெயரைக் காட்டி எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கலாம். பழைய நம்பையைப் பிப் பெயர் மாற்றி வைத்து, நீக்க முடியாமல் விட்டுப்போன ஃபோல்டர் அது. என்வ் உள்ளே லிப், அதற்குள் சைட்-பேக்கேஜஸ் போனால் அலைக்குறியில் தொடங்கும் ஃபோல்டர் தெரியும். அதை மட்டும் நீக்கிவிடலாம்.

யூசர் இன்ஸ்டலேஷனுக்கு மாறுகிறேன் என்ற பொருளில் ஒரு வரி வந்தால் அது எரர் அல்ல, ஆனாலும் உடனே நிறுத்துங்கள். நீங்கள் சூழலுக்குள் இல்லை என்று அர்த்தம். ஆறாவது படிக்குத் திரும்புங்கள்.

10. நிறுவியது சரிதானா

பைத்தான் -சி "இம்போர்ட் நம்பை, சைபை, பாண்டாஸ், மேட்பிளாட்லிப்"

இம்போர்ட் என்பது நூலகத்தை நிரலுக்குள் அழைப்பது. ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரி வந்தால் வெற்றி. டிஎல்எல் லோட் ஃபெயில்ட் என்று வந்தால், பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இல்லாமல் இருக்கும். அது சிறிய கோப்பு, மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசம். ஒன்பதாவது படியில் சொன்ன பெரிய மென்பொருளும் இதுவும் வேறு வேறு.

இம்போர்ட் ஆவதோடு நிற்காமல் ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். இம்போர்ட் ஆகும்போது நூலகத்தின் எல்லாப் பகுதிகளும் ஓடிவிடுவதில்லை. 2எக்ஸ் + ஒய் = 5, எக்ஸ் + 3ஒய் = 10 என்ற இரண்டு சமன்பாடுகளை நம்பையின் லினால்ஜ் பகுதியில் உள்ள சால்வ் செயற்கூறுக்குக் கொடுங்கள். 1, 3 என்று வர வேண்டும். ஓப்பன்பிளாஸ் வேலை செய்கிறது என்பதற்கு இது சாட்சி. சைபையின் இன்டக்ரேட் பகுதியில் உள்ள குவாட் செயற்கூறைக் கொண்டு எக்ஸ் வர்க்கத்தை 0 முதல் 3 வரை தொகையிட்டால் 9, அல்லது 9க்கு மிக மிக அருகில் வரும். கூடவே வரும் இரண்டாவது எண் பிழையின் மதிப்பீடு. அதை விடை என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

மேட்பிளாட்லிப்பை முதல்முறை ஓட்டும்போது எழுத்துருப் பட்டியல் தயாராகிறது என்று சொல்லிக் கொஞ்ச நேரம் நிற்கும். தொங்கிவிட்டது என்று மூடிவிடாதீர்கள்.

வரைபடத்துக்குத் தமிழில் தலைப்பு வைத்தால் கட்டம் கட்டமாக வரும். மேட்பிளாட்லிப்போடு வரும் டெஜாவூ சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் நிர்மலா யூஐ எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள், எழுத்துகள் வந்துவிடும். கொம்பு மட்டும் இடம் மாறி, மெய்க்குப் பின்னால் போய் நின்றால், உங்கள் பதிப்பு எழுத்துகளை ஒவ்வொன்றாக வைக்கிறதே தவிரச் சேர்த்து வடிவமைப்பதில்லை. எம்பிஎல்கெய்ரோ என்ற துணை நூலகம் அதைச் செய்யும். தமிழில் அறிக்கை எழுதுகிறவர்கள் இந்த மெனக்கெடலை விட்டுவிடக் கூடாது என்பது என் ஆசை.

உங்கள் சோதனைக் கோப்புக்கு நம்பை.பிஒய், ரேண்டம்.பிஒய் என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். பைத்தான் முதலில் உங்கள் ஃபோல்டரில்தான் தேடும். உண்மையான நம்பையை விட்டு உங்கள் கோப்பையே எடுத்துக்கொண்டு, அதில் அர்ரே இல்லை என்று புலம்பும்.

11. எடிட்டருக்கும் சொல்ல வேண்டும்

கமாண்ட் பிராம்ப்டில் ஓடுகிறது, விஎஸ் கோட் என்ற எடிட்டரில், நூலகம் கிடைக்கவில்லை என்ற மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர் வருகிறது. மிக அதிகமாக வரும் புகார் இது. ஒருமுறை ஒரு மாணவி இதற்காக விண்டோஸையே மறுபடி நிறுவிவிட்டு வந்து நின்றார். பத்து விநாடி வேலை அது.

விஎஸ் கோடில் சி:\கோட் ஃபோல்டரைத் திறங்கள், தனிக் கோப்பை அல்ல. கன்ட்ரோல், ஷிஃப்ட், பென்சிலின் பி மூன்றையும் அழுத்தி, பைத்தான் செலக்ட் இன்டர்பிரெட்டர் என்று தேடுங்கள். பட்டியலில் என்வ் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஜூபிட்டர் பயன்படுத்துகிறவர்கள் சூழலுக்குள் ஐபைகெர்னல் என்பதையும் பிப் மூலம் நிறுவ வேண்டும். நோட்புக்கின் கெர்னல் என்பது பின்னால் ஓடும் பைத்தான். நோட்புக் எந்தச் சூழலிலிருந்து திறந்தாலும், கெர்னல் வேறொன்றாக இருக்கலாம். வலது மேல் மூலையில் கெர்னலின் பெயர் தெரியும். நோட்புக்குக்குள் இருந்தபடியே நிறுவ வேண்டியிருந்தால், ஆச்சரியக்குறி போட்டுப் பிப் தட்டாமல் சதவீதக்குறி போட்டுத் தட்டுங்கள். சதவீதக்குறி போட்டால் அந்தக் கெர்னலின் பைத்தானுக்குள்ளேயே போய்ச் சேரும்.

நிறுவும் பெயரும் இம்போர்ட் செய்யும் பெயரும் எப்போதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நிறுவுவது சைகிட்-லேர்ன், இம்போர்ட் செய்வது எஸ்கேலேர்ன். நிறுவுவது ஓப்பன்சிவி-பைத்தான், இம்போர்ட் செய்வது சிவி2. நிறுவுவது பில்லோ, இம்போர்ட் செய்வது பிஐஎல், அதுவும் பெரிய எழுத்தில். பெயரை ஊகித்து நிறுவாதீர்கள். பிரபல நூலகங்களின் பெயரை ஓர் எழுத்து மாற்றித் தீங்கான தொகுப்புகளைப் போட்டு வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

12. இணையம் இல்லாத லேப்புக்கு

முப்பது கணினிகள் உள்ள லேப்பில், எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்கினால் ஒருவருக்கும் இறங்காது. ஒரு கணினியில் மட்டும் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுபோகலாம்:

பைத்தான் -எம் பிப் டவுன்லோட் -டி வீல்ஸ் நம்பை சைபை பாண்டாஸ் மேட்பிளாட்லிப்

வீல்ஸ் என்ற ஃபோல்டரில், இவை நம்பியிருக்கும் சிறு நூலகங்களும் சேர்ந்து இறங்கும். அந்த ஃபோல்டரை ஒவ்வொரு கணினியிலும் சி:\கோட் உள்ளே நகலெடுத்து, சூழலுக்குள் போய்:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ் வீல்ஸ் நம்பை சைபை பாண்டாஸ் மேட்பிளாட்லிப்

இறக்கிய கணினியிலும் லேப் கணினியிலும் பைத்தான் பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் 3.14, லேப்பில் 3.13 என்றால் நம்பை முதலியவற்றின் வீல்கள் பயன்படாது. முதல் நாளே லேப்பில் பை --லிஸ்ட் ஓட்டிக் குறித்துக்கொண்டு வந்து, அப்புறம் இறக்குங்கள். பென்டிரைவில் பைத்தான் நிறுவியையும் போட்டுக்கொள்ளுங்கள்.

13. கொண்டா எப்போது

இதுவரை சொன்னது பிப் வழி. கொண்டா என்பது பிப் போலவே நூலகங்களை நிறுவும் இன்னொரு கருவி. நிலவரைபடத் தரவைப் படிக்கும் ஜிடால் போன்ற, பைத்தான் அல்லாத பெரிய நூலகங்களை நம்பியிருக்கும் நிலவரைபட, வானிலை வேலைகளுக்குக் கொண்டா நல்லது. அது அந்தப் பகுதிகளையும் சேர்த்துக் கொண்டுவரும். மினிஃபோர்ஜ் என்ற சிறிய நிறுவி போதும். கொண்டாவை உருவாக்கிய அனகொண்டா நிறுவனத்தின் சொந்தத் தொகுப்புக் களஞ்சியத்தைப் பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தக் கட்டணம் உண்டு, அலுவலகக் கணினியில் நிறுவும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே சூழலில் இரண்டையும் கலக்க வேண்டி வந்தால், கொண்டாவில் கிடைப்பதையெல்லாம் முதலில் கொண்டாவில் நிறுவிவிட்டு, கிடைக்காததைக் கடைசியாகப் பிப்பில் எடுங்கள். பிப் வைத்ததைக் கொண்டா கணக்கில் கொள்ளாமல் மேலெழுதிவிடக்கூடும்.

14. உபுண்டுவிலும் மேக்கிலும் மாறுபவை

லினக்ஸ் வகைகளான உபுண்டு, டெபியனில் பைத்தான்3-வென்வ் என்ற தொகுப்பை, அவற்றின் நிறுவும் கட்டளையான ஆப்ட் மூலம் முதலில் நிறுவ வேண்டும். அது இல்லாமல் சூழல் உருவாகாது. கட்டளையும் பைத்தான்3 என்றே தொடங்கும். சூழலுக்குள் நுழைய சோர்ஸ் என்வ்/பின்/ஆக்டிவேட். சூழல் இல்லாமல் நேராகப் பிப் ஓட்டினால், 2023இல் வந்த டெபியன் 12 முதல் எக்ஸ்டர்னலி மேனேஜ்ட் என்று மறுத்துவிடும். அதை மீறச் சொல்லித் தரும் ஒரு விருப்பத்தேர்வு எரர் செய்தியிலேயே இருக்கும், பயன்படுத்தாதீர்கள். இயங்குதளமே அந்தப் பைத்தானை நம்பி ஓடுகிறது. படம் ஜன்னலில் திறக்காவிட்டால் பைத்தான்3-டிகே நிறுவுங்கள்.

எம் வரிசைச் சிப் உள்ள மேக்கில், கட்டமைப்பு பொருந்தவில்லை என்று எரர் வந்தால், டெர்மினல், இன்டெல் மேக்குக்கான நிரல்களை ஓட்டித் தரும் ரொசெட்டாவில் ஓடுகிறதா என்று பாருங்கள்.

15. எல்லாம் ஓடிய அன்றே செய்ய வேண்டியது

பைத்தான் -எம் பிப் செக்
பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ் > ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி

முதல் வரி, நூலகங்களுக்குள் முரண் ஏதும் இல்லை என்று உறுதி செய்யும். இரண்டாவது வரி, இன்று நிறுவியிருக்கும் ஒவ்வொரு நூலகத்தின் பதிப்பு எண்ணையும் ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அந்தக் கோப்பை உங்கள் நிரலோடு சேர்த்து மின்னஞ்சலிலோ பென்டிரைவிலோ போட்டு வையுங்கள். என்வ் ஃபோல்டரை அனுப்ப வேண்டியதில்லை.

பிறகு ஒருநாள் சூழல் கெட்டுப்போனால் பழுது பார்க்க உட்காராதீர்கள். எடிட்டர், ஜூபிட்டர் எல்லாவற்றையும் மூடிவிட்டு என்வ் ஃபோல்டரை அப்படியே நீக்குங்கள். உங்கள் நிரல்கள் அதற்கு வெளியே, சி:\கோட் உள்ளே பத்திரமாக இருக்கும். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது படிகளை மறுபடி செய்துவிட்டு:

பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -ஆர் ரிக்வயர்மென்ட்ஸ்.டிஎக்ஸ்டி

அதே பதிப்புகள் அப்படியே திரும்பி வந்துவிடும்.